சுகருக்கு நடப்பவர்கள் சங்கம்

நவம்பர் 2, ஞாயிறு

என் பெயர் குற்றாலிங்கம். வயது எழுபத்தொன்று. இதை நானே எழுதுகிறேன்.

இப்படி எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

நாற்பது வருஷம் வாழைத்தார் மண்டியில் ஏலம் கூறினேன். அதற்குத் தொண்டை போதும், எழுத்து வேண்டியதில்லை. மண்டியை விட்டு வந்த பிறகுதான் பல்கலைக்கழக மைதானத்தின் ஓரத்தில் இருக்கும் முதியோர் கல்வி மையத்தில் சேர்ந்தேன். சாயங்கால வகுப்பு. வருஷ முடிவில் துணைவேந்தர் கையால் சான்றிதழ் தந்தார்கள். அதில் பல்கலைக்கழக முத்திரை இருக்கிறது. ஆகவே நானும் பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவன்தான். இதைச் சொன்னது எங்களுக்கு எழுத்துச் சொல்லித் தந்த யூஜின் டீச்சர்.

போன மாதம் எங்களுக்கென்று ஒரு முன்னாள் மாணவர் சங்கம் ஆரம்பித்தார்கள். தலைவரைத் தேர்ந்தெடுத்த நேரத்தில் நான் வெற்றிலை துப்ப வெளியே போயிருந்தேன். திரும்பி வந்தால் எல்லோரும் கை தட்டுகிறார்கள். "வே தலைவரே, உள்ள வாரும்" என்றான் மாசானம். வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன். பந்தல் சாமான், மைக் செட் எல்லாம் வாடகைக்கு விடுகிறான்.

இன்று சங்கத்தின் முதல் கூட்டம். வந்தது நானும் மாசானமும். மாசானம் போன தடவை மறந்துபோன குடையை எடுக்க வந்தவன்.

நவம்பர் 4, செவ்வாய்

மழை. "பல்கலைக்கழகம்" என்று தப்பில்லாமல் எழுதினேன். ஒரு வரி முழுவதும் அதற்கே போய்விட்டது.

நவம்பர் 6, வியாழன்

டீச்சர் வரச் சொன்னார். முகம் வாடியிருந்தது.

டிசம்பர் மூன்றாம் தேதி பல்கலைக்கழகத்துக்கு ஒரு ஆய்வுக் குழு வருகிறதாம். எங்கள் மையத்தையும் பார்ப்பார்களாம். "இங்க படிச்சவங்க எங்கன்னு கேப்பாங்க, ஐயா. ஒரு இருபது பேராவது வந்து உக்காரணும். இல்லன்னா மையம் வேண்டாம்னு எழுதிருவாங்க. இந்தக் கட்டடத்தைப் பழைய பெஞ்சு போட்டு வைக்கக் கேட்டுக்கிட்டு இருக்காங்க."

ஜனவரியில் இரண்டாம் நிலை வகுப்பு தொடங்குகிறது. இப்போது எனக்குப் பேப்பரில் பெரிய எழுத்துத்தான் ஓடுகிறது. உள்ளே பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறான் என்று தெரிய வேண்டாமா? தலைப்பை மட்டும் படித்துவிட்டு விட்டுவிடுவது கல்யாண வீட்டு வாசலில் நின்று பன்னீர் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புவது மாதிரி.

வீட்டில் கோமுவிடம் சொன்னேன். கோமு என் மனைவி. "இருபது பேருதான? கூட்டிக்கிட்டு வாங்க. நீங்கதான தலைவரு?" என்றாள். குழம்பைக் கிண்டிக்கொண்டே சொன்னாள். அவளுக்கு இதிலெல்லாம் அக்கறை கிடையாது. நான் வகுப்பில் சேர்ந்த முதல் வாரம், "நானும் வரட்டா?" என்று கேட்டாள். இரண்டு பேரும் போய்விட்டால் உலை யார் வைப்பது என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. சிலருக்கு ஆர்வம் அவ்வளவுதான்.

நவம்பர் 9, ஞாயிறு

இரண்டாவது கூட்டம். நான் மட்டும்.

கூட்டம் வராவிட்டால் வீட்டுக்கே போவோம் என்று கிளம்பினேன். முதலில் மேலத்தெரு உலகம்மாள் வீடு. எங்கள் வகுப்பிலேயே கையெழுத்து முத்து முத்தாக இருப்பது அவளுக்குத்தான். வாசலில் அவள் மருமகள் நின்றாள். ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கிற பெண். அதற்குள் உலகம்மாளே வந்து, "யாரு வேணும்? அவுக இங்கன இல்ல. அடுத்த தெருவுல கேளுங்க" என்று கதவைச் சாத்தினாள். என்னைத் தெரியாதவள் மாதிரி! ஒரு வருஷம் அடுத்தடுத்த பெஞ்சில் முன்னும் பின்னும் உட்கார்ந்தவர்கள்.

மாசானம் வீட்டில் அவன் பெண்டாட்டி, "எந்தச் சங்கம் அண்ணாச்சி?" என்று கேட்டாள். அவளுக்குப் பின்னால் மாசானம் கண்ணையும் புருவத்தையும் என்னென்னவோ செய்தான். கண்ணில் தூசி போலிருக்கிறது.

நன்றி கெட்ட ஜனங்கள். எழுத்து வாங்கும்வரை வந்தார்கள். வாங்கியதும் வாசலைச் சாத்துகிறார்கள்.

நவம்பர் 11, செவ்வாய்

பல்கலைக்கழகத்தின் பெரிய முன்னாள் மாணவர் சங்கத்துக்கும் ஒரு தலைவர் இருக்கிறார். பாக்கியநாதன் சார், பாங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் யோசனை கேட்கப் போனேன். தனி அறை, மின்விசிறி, சுவரில் படம் எல்லாம் இருந்தது. நாமும் ஒருநாள் இப்படி என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்தேன்.

"எங்க வாட்ஸப்புல அஞ்சாயிரம் பேரு இருக்காங்க" என்றார்.

"அடேங்கப்பா! கூட்டத்துக்கு எத்தன பேரு வருவாக சார்?"

"பதினொண்ணு. அதுல ஏழு பேரு சாப்பாட்டுக்கு வாராங்க. ஒருத்தர் மகனுக்கு வேலை கேட்டு வாராரு. ஒங்க சங்கத்துல?"

"எங்கள்ட்ட சாப்பாடே கெடையாது சார்."

"அதான் ஒத்தையில நிக்கீங்க."

இரண்டு பேரும் சிரித்தோம். அவரும் ஒன்பது வருஷமாகச் சும்மாவே உழைக்கிறாராம். "சம்பளம் கெடையாது, பென்ஷன் கெடையாது. ஏச்சு மட்டும் தவறாம வந்துரும். விட்டுட்டுப் போயிரலாம்னு மாசாமாசம் நெனைப்பேன். யாரும் எடுத்துக்க வர மாட்டேங்கான்" என்றார். படித்தவர்களுக்கும் இப்படித்தான் என்று தெரிந்ததில் ஒரு ஆறுதல்.

கிளம்பும்போது ஒரு யோசனை சொன்னார். "பொதுவாக் கூப்பிட்டா யாரும் வர மாட்டான், ஐயா. பேரச் சொல்லிக் கூப்பிடுங்க."

பேரைச் சொல்லி! எனக்கு ஏன் தோன்றவில்லை? தொண்டை இருக்கிறது. இப்போது படிக்கவும் தெரிகிறது.

நவம்பர் 15, சனி

இன்றைய நாளை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். முழுவதும் எழுதப் போகிறேன், கை வலித்தாலும்.

மாசானத்திடம் மைக் செட் கேட்டேன். கூட்டத் தேதியைச் சொல்ல வேண்டும் என்றேன். தந்தான். ஒரு ஆட்டோவில் குழாயைக் கட்டினோம். டீச்சரிடம் வாங்கி வைத்திருந்த பெயர்களைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதி வைத்திருந்தேன். நான்கு மணிக்குக் கிளம்பி மேலத்தெரு, கீழத்தெரு, தேரடி எல்லாம் சுற்றினோம்.

"பல்கலைக்கழக முதியோர் கல்வி மையத்தில் படித்து முடித்த முன்னாள் மாணவர்களே! மேலத்தெரு உலகம்மாள் அவர்களே! பந்தக்கடை மாசானம் அவர்களே! நேற்றுவரை கைநாட்டு வைத்தீர்கள்! இன்று கையெழுத்துப் போடுகிறீர்கள்! வாருங்கள், வாருங்கள், டிசம்பர் மூன்று மாலை ஐந்து மணி!"

ஒரு பெயர்கூட விடவில்லை. ஒரு பெயர்கூடத் திக்கவில்லை. மண்டியில் பூவன் தாருக்குக்கூட இப்படி நான் கூவியதில்லை. ஓடுகிற ஆட்டோவில், ஆடுகிற தாளில், எழுத்து ஒவ்வொன்றும் கண்ணுக்கு முன்னால் எழுந்து நின்றது. தெருவில் எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். சில வீடுகளில் கதவை அடைத்தார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது, அதனால் இருக்கும்.

கோமுவிடம், "கேட்டியா?" என்றேன்.

"ஊரே கேட்டுச்சி" என்றாள்.

நவம்பர் 16, ஞாயிறு

விடிந்ததும் மாசானம் வந்தான். காப்பி வேண்டாம் என்றான்.

"வே, ஒமக்கு மூளை இருக்கா? தேதியச் சொல்லுவீருன்னுலா மைக்கத் தந்தேன்! எம் பேர எதுக்கு வே ஏலம் போட்டீரு?"

"படிச்சவன்னு பெருமையாத்தான சொன்னேன்?"

"நேத்துவரைக்கும் கைநாட்டுன்னும் சேத்துச் சொன்னீரே! வகுப்புல எல்லாவனும் வீட்டுல என்ன சொல்லிட்டு வந்தாம்னு நெனைக்கீரு? சுகருக்கு நடக்கப் போறேம்னு சொல்லிட்டு வந்தான். பல்கலைக்கழக மைதானத்துல நடக்கப் போறேம்னு. எம் பெண்டாட்டி ராத்திரியெல்லாம் கேக்கா, ஒரு வருசமா நடந்தும் சுகரு கொறையலியேன்னு பாத்தேன், ஒக்காந்துலா இருந்திருக்கீருங்கா."

எனக்கு இது தெரியாது. நான் சிலேட்டை எல்லோருக்கும் தெரியும்படி கக்கத்தில் வைத்துக்கொண்டு போனவன்.

பத்து மணிக்கு உலகம்மாள் வந்தாள். வாசலிலேயே நின்றாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பேசினாள்.

"நல்லா இருங்க அண்ணாச்சி. எம் மவனுக்குப் பொண்ணு கேக்கப் போனப்ப, மாமியா எட்டாப்பு படிச்சவன்னு சொல்லித்தான் கட்டிக்கிட்டு வந்தோம். ஆறு வருசமாச் சமாளிச்சேன். அவ மாத்திரை பேர வாசிக்கச் சொன்னா கண்ணு தெரியலம்பேன். பேப்பரக் குடுத்தா தலவலிம்பேன். இனிமே நெசமாவே வாசிச்சிருவோம்னு சந்தோசமா இருந்தேன். நீங்க தெருவுல வச்சு ஒடச்சிட்டியளே."

"அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. அவுக அம்மைக்குப் போன் போடுதா. உள்ள போயிப் பேசுதா."

போய்விட்டாள். கோமு அவள் பின்னாலேயே தெருமுனைவரை போனாள்.

நவம்பர் 17, திங்கள்

டீக்கடையில் யாரும் பேசவில்லை. ராஜினாமாக் கடிதம் எழுதினேன். எழுதத் தெரிந்ததற்கு அதுவாவது உதவியது.

நவம்பர் 18, செவ்வாய்

டீச்சர் கடிதத்தை வாங்கவில்லை. படித்துவிட்டு, "எழுத்து நல்லா திருந்தியிருக்கே, ஐயா" என்று சொல்லித் திருப்பித் தந்துவிட்டார். ராஜினாமா செய்யக்கூட இந்தச் சங்கத்தில் வழி இல்லை.

நவம்பர் 20, வியாழன்

கோமு இரண்டு நாளாகச் சாயங்காலம் நடக்கப் போகிறாள். சுகராம். அவளுக்கு ஏது சுகர்? போன மாதம்தான் ரத்தம் பார்த்தோம், ஒன்றும் இல்லை என்றார்கள். கேட்டால், "வராம இருக்கத்தான் நடக்கேன்" என்கிறாள். சாப்பாடு எட்டரை மணிக்கு. ரசம் மட்டும்.

நான் இங்கே சங்கம் உடைந்து உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் கேட்பாரில்லை.

நவம்பர் 22, சனி

டீக்கடையில் இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். பேசாமல் இருந்ததே நன்றாக இருந்தது.

"தலைவரே, மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் எழுத்துல வித்தியாசம் தெரியலியாமே?" என்றான் ஒருவன். "இந்தா, இந்தப் பேப்பர வாசியும். தலைகீழாப் பிடிக்காதேயும்" என்றான் இன்னொருவன். ஒரே சிரிப்பு.

எனக்குப் புரியவில்லை. மாசானத்தைப் பிடித்துக் கேட்டேன். அவன் முதலில் தரையைப் பார்த்தான். பிறகு சொன்னான். நான் அன்று மைக்கில் பெயர்களைத் தப்புத் தப்பாக வாசித்துவிட்டேனாம். தாளில் இருந்தது வேறு தெரு, வேறு ஆட்களாம். அரைகுறையாகப் படித்தவன் கையில் மைக் கிடைத்தால் இப்படித்தான் என்று ஊர் பேசுகிறதாம். மைக் தந்தவன் பெயரையும் பட்டியலோடு சேர்த்து வாசித்துவிட்டேன் என்று அவன் பெண்டாட்டியும் நம்பிவிட்டாளாம்.

"யாருவே இப்படிக் கெளப்பிவிட்டது?"

"ஒம்ம வீட்டம்மாதான்" என்றான்.

இதற்கு மேல் இன்று எழுத முடியாது. பேனாவை அழுத்தியதில் தாள் கிழிந்துவிட்டது.

நவம்பர் 23, ஞாயிறு

கோமு மறைக்கவில்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"ஆமா, நாந்தான் சொன்னேன். உலகம்மா மருமவகிட்டயே போயிச் சொன்னேன். எங்க வீட்டுக்காரருக்கு இப்பத்தான் எழுத்து வந்திருக்கு, கீழத்தெரு உலகம்மாவ மேலத்தெருன்னு வாசிச்சிட்டாருன்னேன். இந்த ஊருல உலகம்மாளுக்கா பஞ்சம்?"

"நான் ஒரு எழுத்துகூடத் தப்பா வாசிக்கல!"

"தெரியும்."

"ஒவ்வொரு பேரும் சரியா வாசிச்சேன்!"

"தெரியும்ங்கேன்லா. நீங்க சரியா வாசிச்சதுனாலதான் அவ வீட்டுல அடுப்பு எரியல. தப்பா வாசிச்சியன்னா எரியும். எது வேணும்?"

"என் மானம் என்ன ஆகும்?"

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "எழுபது வருசம் எழுத்துத் தெரியாமத்தான இருந்திய? அப்ப மானத்துக்கு என்ன கொறை வந்துச்சி?"

நான் சாப்பிடவில்லை. அவள் தட்டை மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். படித்தவனின் வலி படிக்காதவளுக்கு எப்படித் தெரியும்?

நவம்பர் 25, செவ்வாய்

பேச்சு இல்லை. மழையும் நிற்கவில்லை.

நவம்பர் 27, வியாழன்

ரேஷன் கடையிலிருந்து திரும்பும்போது ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்த உலகம்மாளின் மருமகள் என்னைப் பார்த்து வண்டியை நிறுத்தினாள். உலகம்மாள் பின்னால் உட்கார்ந்திருந்தாள், மடியில் கூடை.

"தாத்தா, அன்னைக்கு நீங்க வாசிச்சது கீழத்தெரு உலகம்மாவத்தானாமே? கோமு ஆச்சி சொன்னாங்க. எங்கம்மைக்கு வேற போன் போட்டுக் கேட்டுட்டேன், மாமியாரப் பத்தி முன்னாடியே தெரியுமான்னு."

நான் உலகம்மாளைப் பார்த்தேன். அவள் கூடையின் காதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

அன்று தாளில் இருந்த எழுத்து எனக்கு இப்போதும் கண்ணில் தெரிகிறது. மே. ல. த். தெ. ரு. காற்றில் தாள் மடங்கியபோது விரலால் நீவிவிட்டு வாசித்தேன். என் வாழ்க்கையில் நான் முதல்முதலாக ஊர் கேட்க வாசித்தது அது.

"ஆமாம்மா" என்றேன். "மாத்தி வாசிச்சிட்டேன். பொடி எழுத்து."

ஒரே நேரத்தில் ஏழு வியாபாரிகளை அடக்கிய தொண்டை. அது சொன்ன இந்த ஐந்து வார்த்தை பக்கத்துக் கடைக்குக்கூடக் கேட்டிருக்காது.

"கண்ணாடி போட்டுப் படிங்க தாத்தா" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள். திருப்பத்தில் உலகம்மாள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்தேன். அவள் வைத்த சோற்றைச் சாப்பிட்டேன்.

நவம்பர் 30, ஞாயிறு

மையத்தைக் கூட்டிக் கழுவினேன். தனியாகத்தான். கரும்பலகையில் "முன்னாள் மாணவர் சங்கம்" என்று எழுதினேன். யார் வரப்போகிறார்கள்? நாலு பெஞ்சு மட்டும் துடைத்தேன். பிறகு பார்க்க நன்றாக இல்லையே என்று எல்லாவற்றையும் துடைத்தேன்.

டிசம்பர் 3, புதன்

இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

ஐந்து மணிக்கு ஆய்வுக் குழு வந்தது. மூன்று பேர். தலைவர் வெளிமாநிலத்துக்காரர், அவர் பேசுவதை டீச்சர் தமிழில் சொன்னார். பாக்கியநாதன் சாரும் எனக்குத் துணையாக வந்திருந்தார். காலி பெஞ்சுகளைப் பார்த்ததும் என் தோளைத் தட்டினார். பழக்கப்பட்டவர்.

"உங்க சங்கத்துல எத்தன பேரு?" என்று குழுத் தலைவர் கேட்டார். நான் வாயைத் திறந்தேன்.

அப்போது மைதானத்துப் பக்கம் சத்தம் கேட்டது. மழை விட்டிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு கூட்டம் மைதானத்தைச் சுற்றி வேகவேகமாக நடந்து வருகிறது. சேலையை இழுத்துச் செருகிய பெண்கள். தோளில் துண்டு போட்ட ஆண்கள். கையில் தண்ணீர் பாட்டில். முன்னால் கோமு. அவளை அடுத்து உலகம்மாள். மாசானம் கான்வாஸ் ஷூ வேறு போட்டிருந்தான்.

நேராக மையத்துக்குள் நுழைந்து, மூச்சு வாங்க அவரவர் பழைய பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இடம் போதவில்லை.

"இவங்கல்லாம் யாரு?" என்று குழுத் தலைவர் கேட்டார்.

"முன்னாள் மாணவர்கள்" என்றார் டீச்சர். "நடந்து வந்திருக்காங்க."

பாக்கியநாதன் சார் என் காதில், "எப்படிங்க கூட்டுனீங்க? எங்க ஆளுகளுக்கும் சுகர் உண்டே!" என்றார். கோமு தினமும் சாயங்காலம் நடந்தது யார் யார் வீட்டுக்கு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

குழுத் தலைவர் உலகம்மாளைப் பார்த்து, இங்கே படித்ததால் என்ன பயன் என்று கேட்டார். அவள் எழுந்தாள். "வீட்டுல சொல்ல மாட்டியளே?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். "எம் மருமவ சீட்டுல எழுதி வச்சிட்டு வேலைக்குப் போவா. பிள்ளைக்கு என்ன மருந்து, எப்பக் குடுக்கணும்னு. முந்தியெல்லாம் பக்கத்து வீட்டுல காட்டிக் கேப்பேன். இப்ப நானே வாசிச்சுக் குடுக்கேன்." உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு வருகைத் தாளைச் சுற்றுக்கு விட்டார்கள். ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். தாள் கடைசியாகக் கோமுவிடம் வந்தது. அவள் பேனாவைக் கையில் வாங்கவில்லை. "மை டப்பா இருக்கா?" என்று கேட்டாள்.

டீச்சர் மேசையைத் திறந்து பார்த்தார். அலமாரியில் பார்த்தார். இல்லை. இந்த இடத்தில் மை டப்பா எதற்கு இருக்கப் போகிறது?

"நீங்க எந்த வருஷம் படிச்சீங்கம்மா?" என்று குழுத் தலைவர் கேட்டதை டீச்சர் சொன்னார்.

"நான் படிக்கல சார். வரட்டான்னு கேட்டேன். உலை யாரு வைப்பான்னு கேட்டாவ. எனக்கும் பதில் தெரியல. இருந்துட்டேன்."

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அது ஓடவில்லை.

"இனிமே வருவீங்களா?"

கோமு என் பக்கம் திரும்பவே இல்லை. "அடுத்த வகுப்பு என்னைக்கு?" என்று டீச்சரிடம் கேட்டாள்.

டிசம்பர் 5, வெள்ளி

மையம் இருக்கும். டீச்சர் சொல்லி அனுப்பினார். திங்கள், புதன், வெள்ளி புதியவர்களுக்கு. அது வரும் வாரமே தொடக்கம். செவ்வாய், வியாழன் எங்களுக்கு, ஜனவரியிலிருந்து. நான் இன்னமும் தலைவர்தான். யாரும் எடுத்துக்கொள்ள வரவில்லை.

டீக்கடையில் இன்றும் ஒருவன் பேப்பரைத் தலைகீழாக நீட்டினான். வாங்கி, திருப்பி, தலைப்பை மனதுக்குள் படித்துவிட்டு, "கண்ணாடி கொண்டு வரல" என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

டிசம்பர் 8, திங்கள்

ஐந்து மணிக்கு கோமு கிளம்பினாள். என் பழைய சிலேட்டைத் துணிப்பையில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினாள். தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டாள்.

"அரிசி களைஞ்சு வச்சிருக்கேன்" என்றாள். எவ்வளவு தண்ணீர் வைக்க வேண்டும் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் தெருமுனைக்குப் போய்விட்டாள்.

பானையை அடுப்பில் ஏற்றினேன். தண்ணீர் கொதிக்கக் காத்திருக்கிற நேரத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எதிர்வீட்டுக்காரி கொஞ்ச நேரத்துக்கு முன் வாசலில் நின்று, "கோமு அக்கா எங்கன?" என்று குரல் கொடுத்தாள். என் தொண்டைக்கு வழக்கமான சத்தம் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு வாசல்வரை போனேன்.

"சுகருக்கு நடக்கப் போயிருக்கா" என்றேன், மெதுவாக.

தண்ணீர் கொதிக்கிறது. அரிசி போட வேண்டும்.